குந்தி எழுந்தாரா என்று கேட்டீர்கள்

அண்ணே,

பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமுதாவின் பெண் கவிதா ஆறாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்துவிட்டாள்; கணக்கில் நூற்றுக்கு நூறு. அவள் தம்பி பேச்சுப் போட்டியில் ஒரு எவர்சில்வர் அடுக்குக் கேரியர் வாங்கி, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். அமுதா பரீட்சை எழுதி யு.டி.சி. ஆகிவிட்டாள். லாஸ்பேட்டையில் குவார்ட்டர்ஸ். ஆபீசுக்கு மொபெட்டில் போகிறாள். நம் மில் தெருவில் பிறந்த பெண்பிள்ளைகளில் மொபெட் ஓட்டிய முதல் ஆள் அவள்தான், வேறு யாரையாவது சொன்னால் நம்பாதீர்கள். செல்வம் அங்கே பிரான்சில் அவன் தொழிற்சாலையில் மேஸ்திரி ஆகிவிட்டான், அங்கே ஷெஃப் என்பார்களாம். அவனுக்குக் கீழே பதினெட்டு பேர், அதில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள். அவன் பிள்ளைக்கு மூன்று வயது. தமிழில் அடம்பிடித்து பிரெஞ்சில் அழுகிறானாம்.

பதினாறு வருஷமாக உங்களுக்கு இப்படித்தான் கடுதாசி தொடங்கிவருகிறேன். இதைப் படிக்க நீங்கள் இல்லை. போன செவ்வாய்க்கிழமை உங்கள் மகள் எழுதியது வந்தது. மார்ச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து போய்விட்டீர்களாம். கடைசி இரண்டு நாள் தமிழிலேயே பேசினீர்களாம், நர்சுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். படித்தேன். மடித்து அரிசிப் பானைத் தட்டின்மேல் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். அழுகை வரவில்லை. அது ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது, அதுவும் அமுதா வீட்டில், டி.வி.க்கு எதிரில்.

செல்வம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்கா பிள்ளைகளுக்கென்று ஒரு மெஷின் கொடுத்தனுப்பியிருந்தான். டைப் அடிக்கும் மெஷின்போல எழுத்துக் கட்டைகள், அதை டி.வி.யோடு மாட்டவேண்டும். அந்த ஊர் மெஷினும் நம் டி.வி.யும் ஒத்துப்போகாமல் மெக்கானிக் இரண்டு நாள் மல்லாடி, கடைசியில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. கூடவே ஒரு கேசட். டேப் ரிக்கார்டரில் போட்டால் பாட்டு வராது, கீச்சுக் கீச்சென்று கத்தும். கத்தி ஓய்ந்ததும் விளையாட்டு வந்துவிடும். கால்பந்து விளையாட்டுதான், ஆனால் இதில் பந்தை நாம் உதைப்பதில்லை. கவிதாதான் டீமுக்கு மேனேஜர். யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது, அதுதான் விளையாட்டே.

"ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்துல ஒரு நம்பரு இருக்கு பாரு ஆயா. அதான் அவன் தெம்பு. ஒரு மேட்ச் ஆடுனா கொறையும். அடுத்தடுத்து ஆடுனா மடமடன்னு எறங்கிடும்."

"உட்காரவெச்சா?"

"ஏறிக்கும்."

ஐந்தாவது வரை படித்தவள் நான். அந்த வெள்ளைக்காரப் பெயர்களைப் படிக்க வராது, எண் வரும். கவிதாவின் டீமுக்கு அந்த வாரம் நான்கு ஆட்டம், மூச்சுவிட இடமில்லாமல். ஒருவன் பக்கத்தில் முப்பத்தொன்று என்று இருந்தது.

"இன்னிக்கு ஃபைனல் ஆயா. இவந்தான் நல்லா கோல் போடுவான். முப்பத்தொண்ணுதான் இருக்கு. எறக்கட்டா?"

"வேணாம். ரெப்போ குடு."

"ரெப்போன்னா?"

வாயில் வந்துவிட்டது அண்ணே, உங்கள் வார்த்தை. "ஓய்வுடி. உட்காரவை அவன" என்றேன்.

உட்காரவைத்தாள். ஆட்டம் தோற்றது. "உன்னாலதான் தோத்தேன். அம்மா, இந்த ஆயாவ சமையக்கட்டுக்குக் கூப்புடு!" என்று கத்தினாள். பிறகு எதையோ தட்டிப் பார்த்து, "பரவால்ல ஆயா, ஏறிடுச்சு பாரு, அறுபத்தாறு" என்றாள்.

ஒரு ஆட்டம் உட்கார்ந்ததற்கே அறுபத்தாறு. யாரிடமும் போய்க் கேட்கவேண்டியதில்லை. யாரும் மாற்றிச் சொல்ல வழியில்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அமுதா வந்து முதுகைத் தடவினாள். அப்பா நினைப்பு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

உங்களிடம் அப்படி எண் எதுவும் கிடையாது. ஒரு சைக்கிள், ஒரு பிஸ்கட் டின், எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் வாய்ச்சொல், இவ்வளவுதான் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் எந்தெந்த ஊரிலோ இருந்துவிட்டு ரெத்ரேத் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய சொல்தா நீங்கள். பட்டாளத்தில் பந்தாடியவர் என்று மில்லில் கூப்பிட்டு டீமை உங்கள் கையில் கொடுத்தார்கள். முதல் நாள் நீங்கள் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகத் தெருவுக்குள் வந்தபோது பெண்கள் எல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விட்டோம். பக்கத்து வீட்டுப் பாக்கியம் மட்டும் நின்றாள், கோல்கீப்பர் பெண்டாட்டி இல்லையா, அவளைத் தாண்டி எதுவும் போகாது.

"ஆம்பளைங்க டீக்கடைக்குப் போன நேரமா பாத்து வர்றீங்களே, என்னா விசயம்?" என்றாள்.

"உங்கள கேக்கத்தாம்மா வந்தேன். ஓடறவன கேட்டா ஒடம்பு நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். உயிர் போயிட்டிருந்தாலும் சொல்லுவான். வூட்ல இருக்கறவங்களுக்குத்தான் உண்மை தெரியும்."

கேட்டது மூன்றே மூன்று. ராத்திரி தட்டில் சோறு மீந்ததா? தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துக் கத்தினாரா? காலையில் குந்தி எழுந்தாரா, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்தாரா?

மூன்றாவதைக் கேட்டதும் தெருவே சிரித்தது. "அதெல்லாம் நாங்க போயி எட்டிப் பாக்கறதாண்ணே?" என்றாள் பாக்கியம். உங்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. "பல்லு வெளக்கக் குந்துவாரு இல்ல, அதப் பாரு, போதும்" என்றீர்கள்.

அன்றிலிருந்து ஆட்டம் உள்ள நாளெல்லாம் காலையில் உங்கள் சைக்கிள் மணி கேட்கும். கேரியரில் அந்த டின். அதற்குள் பதினைந்து சோடா மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் முதல் எழுத்து. நாங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு எங்கள் கண் எதிரிலேயே மூடியை வைப்பீர்கள். பளபளப்பு மேலே இருந்தால் ஆட்டம், தக்கைப் பக்கம் மேலே இருந்தால் ரெப்போ. "நீ சொல்றதாலதான் திருப்பறேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வீர்கள். நாங்கள் சொல்லி எதுவும் நடந்து பார்த்தவர்களில்லை. குழம்பில் உப்பு போதுமா என்பதற்குமேல் எங்கள் வீட்டு ஆண்கள் எங்களைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள், கேட்டு அதன்படி செய்தீர்கள். ஒரு மாதத்தில் தெருவில் எல்லார் வாயிலும் ரெப்போதான்.

"பதினஞ்சு பேருக்கும் ரெப்போ குடுக்கறீங்க. எனக்கு எப்பண்ணே?"

"உனக்கு சோடா மூடி பத்தாது பாக்கியம். எண்ணெ டிரம்மு மூடி தேடிட்டிருக்கேன்."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் துரத்தினாள். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் உதடு விரிகிறது, உடனே மூடிக்கொள்கிறது.

நானும் ஒழுங்காகத்தான் சொல்லிவந்தேன். இரண்டு தடவை "பிடிச்சுக்கினு எழுந்தாரு" என்று நான் சொல்ல, நீங்கள் என் வீட்டுக்காரரை உட்காரவைத்திருக்கிறீர்கள். இரண்டு தடவையும் அவர் என்னோடு பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் வந்து "நீ சொன்னது நல்லதுதான், கால் லேசாயிருக்கு" என்றார்.

அவர் மில்லில் பதிலி. நிரந்தர ஆள் வராத அன்றைக்குத்தான் தறி கிடைக்கும். காலையில் கேட்டில் நிற்கவேண்டும், பெயர் கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு. பதினான்கு வருஷம் நின்றார். முப்பத்தாறு வயதிலும் லெஃப்ட் அவுட் ஆடினார். அமுதாவுக்கு அப்போது பதினேழு. தவளக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு முதலில் கேட்டதே, "பொண்ணோட அப்பா பர்மனென்ட்டா, பதிலியா?" என்றுதான். பதிலி என்றதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அமுதா கதவுக்குப் பின்னால் புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. மூன்று வாரம் மைதானம் குளமாகக் கிடந்தது, கோப்பை ஆட்டங்கள் எல்லாம் தள்ளித் தள்ளிப் போயின. தண்ணீர் வடிந்தபோது ஒன்பது நாள்தான் மிச்சம், அதற்குப் பிறகு மைதானத்தை சர்க்கஸ்காரர்களுக்கு விட்டிருந்தார்கள். ஒன்பது நாளில் ஐந்து ஆட்டம். நீங்கள் கமிட்டிக்காரர்களிடம் போய், "மனுசன் காலா, மரக்கட்டையா? ரெண்டு நாளு தள்ளுங்கய்யா" என்று சண்டை போட்டீர்கள். "யானை விழுப்புரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்திடுச்சி சார், அத எங்க தள்ளறது?" என்றார்களாம். இதைத் தெருவில் வந்து நீங்களே சொல்லிக் காறித் துப்பினீர்கள்.

எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையில் சாக்பீசால் ஐந்து கோடு கிழித்து, பதினைந்து மூடியையும் பரப்பி, ஒரு சாயங்காலம் முழுக்க நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். யாரும் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஆடக்கூடாது என்பது உங்கள் கணக்கு. அவருக்கு முதல் இரண்டு, பிறகு நான்காவது. மூன்றாவதும் ஐந்தாவதும் ரெப்போ. ஃபைனலில் வயசுப் பையன்கள் ஓடட்டும் என்றீர்கள். அவரும் தலையாட்டினார். ஆனால் மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேருக்குக் கால் பிசகி, அவரையே இறக்கவேண்டியதாயிற்று. மழையில் ஆள் குறைந்து மில்லிலும் அந்த வாரம் தினமும் பெயர் கூப்பிட்டார்கள். காலையில் தறி, சாயங்காலம் பந்து. எட்டு நாளில் நான்கு ஆட்டம் ஆடி முடித்தார். ஃபைனலுக்கு அவருடைய மூடி தக்கை மேலேதான் இருந்தது.

ஃபைனலுக்கு முதல் நாள்தான் வீவிங் மாஸ்டர் அந்தச் சேதியைச் சொன்னார். ஃபைனலில் இறங்கி ஆடும் பதிலிகளில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப்போகிறார்கள். டீமில் நான்கு பேர் பதிலி. அதில் வயது கூடியவர் இவர். அடுத்த வருஷம் இவரை டீமிலேயே வைத்திருக்கமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இனிச் சொல்லப்போவதை உங்களுக்கு எழுத ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்தேன்.

அன்று காலை அவர் குழாயடியில் பல் விளக்கக் குந்தினார். எழ முடியவில்லை. தண்ணீர் டிரம்மின் விளிம்பைப் பிடித்தார், கை வழுக்கியது. நான் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. முதல் நாள் சோறு அப்படியே மீந்திருந்தது.

சுவரில் சாய்ந்துகொண்டு, "அண்ணன் வந்தா இருக்கறத சொல்லிடு" என்றார். "என் வாயால என்னால சொல்ல முடியாது. நீயே சொல்லிடு."

"சொன்னா உட்காரவெச்சிடுவாரு."

"வெக்கட்டும்."

"பதினாலு வருசம் கேட்ல நின்னது போதாதா? அந்தப் பொண்ணு மொகத்த பாத்தீங்களா?"

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நீங்கள் வந்தீர்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, டின்னைத் திறந்து, தக்கை மேலே கிடந்த மூடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

"மாஸ்டரு சொன்னது தெரியும் தங்கச்சி. வேல முக்கியந்தான். அதுக்கோசரம்தான் ஏழுமலய கேக்காம ஒன்ன கேக்கறேன். சோறு?"

"மீதி இல்ல அண்ணே."

"கெண்டைக்கால்?"

"சத்தமே இல்ல. அசையாம தூங்குனாரு."

"குந்தி எழுந்தாரா?"

"நல்லா குந்தி எழுந்தாரு."

என் முகத்தையே பார்த்தீர்கள். "கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"அடுப்புப் பொகை அண்ணே."

மூடியைத் திருப்பினீர்கள். பளபளப்பு மேலே வந்தது. "நீ சொல்றதாலதான் திருப்பறேன்" என்று எப்போதும்போல் சொல்லிவிட்டு, பாக்கியம் வாசலுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு துணிமறைப்புதான். வெளியே ஓடிவந்து "அவ பொய் சொல்றா அண்ணே" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து, "வெந்நீ போடு" என்றார். அதற்குமேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது குனிந்து பூட்ஸ் கட்ட முடியவில்லை. நான்தான் அவர் காலடியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக் கட்டினேன். இறுக்கமாகக் கட்டினேன்.

மைதானத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள் கோட்டோரம் நின்றீர்கள். எதிர் டீம் கடலூர். நாங்கள் பெண்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் ஒரு கும்பலாக உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியில் அவர் ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். இடைவேளையில் நீங்கள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனீர்கள். அவர் அதற்குள் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார், சிரித்தார். இரண்டாம் பாதியில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "ரெப்போ! ஏழுமல, வெளிய வா! ரெப்போ!" என்று நீங்கள் கத்திய சத்தம் மரத்தடி வரை கேட்டது. மாற்று ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு ஜெர்சி போட்டுக்கொண்டிருந்தான். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு பந்து போனது. அவர் அதன்பின்னே நாலு எட்டு ஓடினார், நின்றார், பல் விளக்க உட்காருவதுபோல மெல்லக் குந்தினார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

முதலில் ஓடியது நீங்கள். பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் தூக்கிப் போட்டபோதும் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது நீங்கள். டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ காய்ச்சல் இருந்திருக்கு. காலைல யாருமே பாக்கலியா?" என்று கேட்டார்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. கோபமா என்று பார்த்தேன், இல்லை. எல்லாம் விளங்கிவிட்ட ஆளின் பார்வை. பிறகு டாக்டரிடம் திரும்பி, "நாந்தான் பாக்கல டாக்டர். என் தப்பு" என்றீர்கள்.

அதையே மில்லில் சொன்னீர்கள், கமிட்டியில் சொன்னீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள். எடுக்கிற அன்று தெருமுனையில் வந்து நின்றீர்கள். கொழுந்தனார் உங்கள் சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார். "ஒரு கோப்பைக்கு ஆளக் கொன்னுட்டு மாலையோட வர்றியா?" என்று கூட்டம் கத்தியது. பதினான்கு வயதுப் பிள்ளை செல்வம் கல்லெடுத்து எறிந்தான். உங்கள் காதுக்குமேல் பட்டு வெள்ளைச் சட்டையில் ரத்தம் இறங்கியது. நீங்கள் துடைக்கக்கூட இல்லை. மாலையை அங்கிருந்த கல்லின்மேல் வைத்துவிட்டு நடந்து போனீர்கள்.

நான் முந்தானைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். வேலைக்கு ஆசைப்பட்டுப் புருஷனைக் கொன்றவள் என்று கொழுந்தனார் என்னைத் தெருவில் தள்ளியிருப்பார், பிள்ளைகள் என் முகத்தில் விழித்திருக்கமாட்டார்கள். அந்தப் பயம். நீங்கள் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட பழியை உங்கள் தலையிலேயே விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பாக்கியம் வந்து, "ஒனக்கு ரீலிங் செக்‌ஷன்ல வேலயாம்டி, பர்மனென்ட்டாவே" என்றாள். "அந்தாளு பிரான்சுக்குப் போறாராம் மவகிட்ட. போறதுக்கு மின்ன மேனேஜர் ரூமு வாசல்லயே நாலு நாளு உட்காந்து வாங்கிக் குடுத்திருக்காரு. கொன்னவருக்கே மனசு உறுத்துது பாரு." நான் தலையை ஆட்டினேன். கேட்டில் ஒரு நாள்கூட நிற்காமல் வேலைக்குப் போனேன். அந்தச் சோற்றில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

அந்தத் தெருவுக்கு அதன்பிறகு யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர் டீமை மில் கேட்டிலேயே நிற்கவைத்துக் கை தூக்கச் சொல்வார்: யாருக்கு உடம்பு சரியில்லை? ஒருத்தரும் தூக்கமாட்டார்கள். இரண்டு வருஷத்தில் டீம் கலைந்தது.

பிரான்சிலிருந்து உங்கள் முதல் கடுதாசியில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று. பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தக் காலையைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில் அமுதாவின் மார்க்கை எழுதினேன். அடுத்த வருஷம் செல்வத்தின் மார்க்கு. பிறகு காலேஜ், வேலை, கல்யாணம், பேரப்பிள்ளைகள். சொல்லவேண்டியதைச் சொல்லாத பக்கத்தையெல்லாம் பிள்ளைகளின் பெருமையால் நிரப்பினேன். பொய்யில்லை, எல்லாம் உண்மையான பெருமை. ஆனால் அதை எதற்கு அவ்வளவு நீளமாக எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவேயில்லை.

செல்வம் அங்கே குடிபோன வருஷம் அவன் வீட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் நீங்கள் இருந்தீர்கள். விலாசம் தெரிந்ததும் குளிரில் ஒரு பொட்டலம் பலகாரத்தோடு போய்க் கதவைத் தட்டினீர்கள். அவன் எனக்கு எழுதினான்: "எங்கப்பாவைக் கொன்ன ஆளு வந்தாரும்மா. மூஞ்சி மேலயே கதவைச் சாத்திட்டேன்." நான் படித்துச் சந்தோஷப்படுவேன் என்று பெருமையாக எழுதியிருந்தான். அவனுக்கு நான் ஒரு வரி மறுத்து எழுதவில்லை. அந்த மாதம் உங்கள் கடுதாசியும் வந்தது. அதில், "செல்வத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறான். தோள் அப்படியே ஏழுமலைதான்" என்று இருந்தது. கதவைப் பற்றி ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் அழுதுகொண்டிருந்தவள் அமுதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அசையாமல் கேட்டாள். "எனக்காகத்தான் சொன்னியா?" என்றாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "அவரு இருக்கறப்ப சொல்லியிருக்கலாம் இல்லம்மா? போன மாசம்கூட சொல்லியிருக்கலாம்" என்றாள். உண்மைதான். போன மாதம்கூடச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் ஆபீசிலிருந்து வரும்போது கார்பன் தாள் நாலைந்து கொண்டுவந்து என்முன் வைத்து, "ஒரே தடவைல ரெண்டா எழுது" என்றாள். அழுத்தி எழுதுவதில் விரல் மரத்துப்போகிறது. மேல் தாள் உங்கள் மகளுக்கு. அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அந்தப் பெண் படித்துத் தெரிந்துகொள்ளட்டும், உங்களிடம் போய் உரக்கப் படிக்கட்டும். அடித் தாள் செல்வத்துக்கு. பாக்கியத்திடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவேண்டாம். சொல்லத் தகுந்ததைத்தான் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்கிற இடம் தாண்டிவிட்டது அண்ணே. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீங்கள் பார்த்த அந்தப் பார்வை என்னிடம்தான் இருக்கிறது. ரீலிங்கில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடும்போது இருந்தது, அமுதா கழுத்தில் தாலி ஏறியபோது இருந்தது. அதை இறக்கிவைக்க நான் இதை எழுதவில்லை. அது என்னோடு இருக்கட்டும். பழி மட்டும் உங்கள்மேலிருந்து இறங்கவேண்டும்.

இனி வருவது செல்வத்துக்கு, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி செல்வம், இதைப் படித்து உனக்கு வருகிற கோபம் எனக்குச் சேரவேண்டியது, என்மேலேயே வை. நீ எறிந்த கல்லும் நீ சாத்திய கதவும் என் வாயிலிருந்து வந்தவை. லீவு நாளில் அவர் மகளைப் போய்ப் பார், அவரை அடக்கம் செய்த இடத்தைக் கேள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போ. அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு நில். நீயும் பிள்ளையும் அவர் பக்கத்தில் நிற்பதை, அந்தப் பெண்ணையே ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி எனக்குத் தபாலில் அனுப்பு. அதற்குப் பதிலாக வீட்டில் இருக்கிற பழைய போட்டோ எதையும் அனுப்பாதே. அங்கே புதிதாக எடுத்தது வேண்டும், நீ போய் நின்றதை என் கண்ணால் பார்க்கவேண்டும்.